இன்னா என்றால் மட்டும்

...அந்தச் சொல்லுக்குக் கை நீட்டாதே, எந்தச் சொல்லுக்கு, இந்தாவுக்கு, இன்னா என்றால் மட்டும் நீட்டு, இன்னா, இன்னா... தமிழ்ப்ரியா நாக்குக்குள் உருட்டிக்கொண்டே தன் தடத்தில் குனிந்து நின்றாள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காதுக்குள் புகுந்து இரைந்தது, இந்தப் பாழாய்ப்போன காற்றில் ‘ன்னா’ எது ‘ந்தா’ எது என்று எந்தக் காது பிரிக்கும்? ரிலேயில் இரண்டாவதாக ஓடுகிறவள் அவள், பின்னால் ஜெஸ்னா பேட்டனோடு வருவாள், தரையில் ஒட்டிய நாடாவை ஜெஸ்னா தாண்டியதும் இவள் ஓடத் தொடங்க வேண்டும், அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது, கூப்பிட்டதும் இடதுகையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான், அதில்தானே போன போட்டியில் மானம் போயிற்று... கேரள அணியில் கூப்பிடுகிற சொல் இன்னா, மலையாளத்தில் ‘இதோ, பிடி’, அவள் ஊரில், கேரள எல்லையோரத் தமிழ்க் கிராமமான எருத்தேன்பதியில், அதற்கு இந்தா, அம்மா மருதாத்தாள் எதைக் கொடுத்தாலும் “இந்தா கண்ணு, புடி” என்றுதான் கொடுப்பாள், இளநீரானாலும் கடலைக்காயானாலும், அந்தச் சொல் காதில் விழுந்தால் புத்திக்கு முன்னால் கை போய்விடும். அன்றைக்கும் போயிற்று. பக்கத்துத் தடத்தில் தமிழ்நாடு, இந்தா என்று கேட்டது, கை நீண்டது, ஜெஸ்னாவோ இன்னும் எட்டவே இல்லை, கை அலைபாய்ந்தது, பேட்டன் விரல் நுனியில் பட்டு உருண்டது. “ஞான் விளிச்சில்ல சாரே” என்று பயிற்சியாளர் பினு சாரிடம் ஜெஸ்னா அழுதாள், அவள் கூப்பிடவில்லை என்றால் கூப்பிட்டது தமிழ்நாட்டுக்காரிதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். “காலு கேரளத்தில், செவி தமிழ்நாட்டில்” என்று மூன்றாவதாக ஓடும் ஆன்மேரி சிரித்தாள். சார் சிரிக்கவில்லை, இன்னொரு தடவை பேட்டன் விழுந்தால் அணியில் இடமில்லை, பெட்டியைக் கட்டு என்றார். ஊரில் அப்பா “ஓடுனது போதும் சாமி, ஊட்டுக்கு வந்துரு” என்று சொல்லக் காத்திருக்கிறார்...

ஜெஸ்னாவும் தமிழச்சிதான், கேரள மலையில் சித்திரபுரம் தேயிலை எஸ்டேட்டுக்காரி. ஹாஸ்டலில் இவள் தமிழில் வாய் திறந்தால் “இவிடெ மலையாளம் மதி”, இங்கே மலையாளம் போதும் என்று அடக்கிவிடுவாள், ஆனால் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்று போனில் “சாப்ட்டியாம்மா” என்பாள், யார் தலையாவது தெரிந்தால் சட்டென்று வைத்துவிடுவாள், எதற்கு அந்த ஒளிவு, அவளுக்கும் பயமா, அவளுக்கு என்ன பயம்?

துப்பாக்கி வெடித்தது. ஜெஸ்னா வருகிறாள், நாடாவைத் தாண்டினாள், ஓடு, திரும்பாதே, இன்னா என்றால் மட்டும், கர்த்தரோ மாரியாத்தாளோ யாராவது இன்னா என்று சொல்லவையுங்கள்... “கை!” என்று பக்கத்துத் தடத்தில் தமிழ்நாட்டுக்காரி கத்தினாள். கையா? இவர்கள் சொல் கையா? அன்றைக்கும் இதே பெண்கள்தானே நின்றார்கள், சொல்லை மாற்றிவிட்டார்களோ, இல்லை அன்றைக்கும் கைதானோ, அப்படியென்றால் அன்றைக்கு... அவளுடைய பிடரிக்கு நேர் பின்னால், மூச்சு முட்டி, “இந்தா! இந்தா புள்ள!”

நீட்டாதே. பேட்டன் கைமாறியாக வேண்டிய எல்லைக் கோடு வருகிறது. நீட்டாதே, நீட்டாதே... கை போய்விட்டது, அவளைக் கேட்காமல் போய்விட்டது, உள்ளங்கையில் பேட்டன் வந்து அறைந்தது, பிடித்தாள். ஓடினாள். அப்படியானால் அன்றைக்கும் ஜெஸ்னாவா, பொய்யா சொன்னாள், இத்தனை நாள் என்னைப் பேச்சு வாங்கவிட்டுச் சும்மாவா நின்றாள், இல்லை, பயத்தில் தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே தெரியாதா? கோபப்பட நேரமில்லை, வளைவில் ஆன்மேரி முதுகைக் காட்டி ஓடத் தொடங்கிவிட்டாள், அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, இப்போது இவள்தான் கூப்பிட வேண்டும், இன்னா, இன்னா, வாய் தானாகத் திறந்தது, அதிலிருந்து எது வரப்போகிறது என்று தமிழ்ப்ரியாவுக்குத் தெரியவில்லை.