கத்திரி அக்காவின் நாற்காலி

சர்ச் சபையில் எல்லாரும் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி நடத்தும் பியூட்டி பார்லரில் பதினோரு வருடமாக முடி வெட்டுகிறாள் என்பது ஒரு காரணம். அவள் வாய் அதைவிடக் கூர்மை என்பது இன்னொன்று. கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டு மாடியறைதான் அவளுக்கு இடம். சாப்பாடு அண்ணன் வீட்டில், வேலை அண்ணியிடம். இப்படி இருக்கிறவள் கொஞ்சம் அடங்கிப் போகலாமே என்று பலரும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பார்லரில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். ஓய்வு பெற்ற டீச்சர். சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் தலையில் பாதிக்கு டை பூசி முடித்து, மீதிப் பாதிக்கு அண்ணி கிண்ணத்தில் கலந்துகொண்டிருந்தாள். அப்போது கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்துகொண்டு ஒருத்தி எட்டிப் பார்த்தாள். தெருத்தெருவாகக் காலி பாட்டில் பொறுக்குகிறவள். சாக்கைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, ஒரு கத்திரி கொஞ்ச நேரம் கிடைக்குமா? இங்கயே படியில உக்காந்து வெட்டிட்டுத் திருப்பித் தந்துடறேன்.”

“எதை வெட்டப் போற?” என்றாள் கத்திரி அக்கா.

வந்தவள் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முடி கயிறு மாதிரித் திரிந்து சிக்காகிக் கிடந்தது. பேன் ஊர்வது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அவளுடைய எட்டு வயது மகள் குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பார்க்க விடுவார்கள். போன தடவை வார்டன் இவளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே நாற்பது பிள்ளைகள், அத்தனை தலைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றாராம். தாயும் மகளும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிவிட்டுப் பிரிந்திருக்கிறார்கள்.

“நாளன்னைக்குப் போகணும். அதான் மொட்டையா வெட்டிடலாம்னு பாக்கறேன்.”

“மொட்டையா நின்னா பிள்ளைக்கு உன்ன அடையாளம் தெரிய வேணாமா? உள்ள வா.”

அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “உள்ள எதுக்கு? பழைய கத்திரி ஒண்ணு கிடக்கு. அதையே குடுத்து அனுப்பு. அவளே வச்சுக்கட்டும்.”

“கத்திரியக் குடுத்து அனுப்பறதுக்கா பதினோரு வருஷம் தொழில் பாத்தேன்?”

டீச்சர் கண்ணாடி வழியாகவே முறைத்தார். “என் பக்கத்து நாற்காலியில அவள உக்கார வச்சா நான் எழுந்து போயிடுவேன்.”

“தாராளமாப் போங்க டீச்சர். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை. தெருவுக்கும் பொழுது போகும்.”

டீச்சர் போகவில்லை. அண்ணி கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

“இது கடை. நாலு பேரு வந்து போற இடம்.”

“சீப்பக் கொதிக்க வைக்கறேன். நாற்காலிய மருந்து போட்டுத் தொடைக்கறேன். துண்ட எரிக்கச் சொன்னா எரிக்கறேன். இவளத் திருப்பி அனுப்ப மட்டும் என்னால முடியாது.”

“உனக்கு மட்டுந்தான் பக்தி பொத்துக்கிட்டு வருதா? நாங்களும்தான் கோயிலுக்குப் போறோம்.”

“போறோம் அண்ணி. வருஷா வருஷம் போயி, ஆண்டவரு குனிஞ்சு உக்காந்து சீஷங்க காலக் கழுவின கதையக் கேட்டுக் கண்ணத் தொடச்சுக்கறோம். அவரு காலையே கழுவினாரு. நான் தலையத்தான கழுவறேன்.”

சொல்லிவிட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். பேன் மருந்து தடவி ஊற வைத்தாள். இரண்டு முறை அலசினாள். பிரியாத சிக்கை மட்டும் வெட்டி எடுத்தாள். மிச்சத்தை நுனியிலிருந்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே மேலே வந்தாள். பிறகு பேன் சீப்பை எடுத்து, ஈர் ஈராக இழுத்தாள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பாட்டில்காரி முதலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பாதி வேலையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். கடைசி ஆளாக யார் இந்தத் தலையைத் தொட்டிருப்பார்கள் என்று யோசித்தபோது கத்திரி அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

டை வேலை முடிந்ததும் டீச்சர் எழுந்து போனார். தெருமுனை தாண்டுவதற்குள் அண்ணனுக்குப் போன் போய்விட்டது.

சாயங்காலம் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். “சபையில எனக்கு ஒரு பேரு இருக்கு. இந்த வீட்ல இருக்கணும்னா…”

“சொல்லி முடிங்கண்ணே. பெட்டி கட்டணும்னா இப்பவே கட்டிடறேன்.”

அவர் முடிக்கவில்லை. அண்ணிதான் முடித்தாள். “இனிமே அந்த மாதிரி ஆளுங்கள பார்லருக்குள்ள கூட்டிட்டு வரக்கூடாது. அவ்வளவுதான்.”

“உள்ளதான கூடாது? சரி.”

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் வரவில்லை. அண்ணி நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கத்திரி அக்கா எப்போதும்போல வந்தாள், எப்போதும்போல வெட்டினாள்.

சனிக்கிழமை அவளும் பாட்டில்காரியோடு இல்லத்துக்குப் போனாள். வார்டன் இரண்டு இடத்தில் முடியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

“இன்னும் நல்லாப் பாருங்க மேடம். காதுக்குப் பின்னால பாருங்க, பிடரியிலயும் பாருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

வார்டன் முகம் சிவந்தது. அவரே கேட்டைத் திறந்துவிட்டார். பிள்ளை ஓடி வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. குனிந்த தாயின் முடியை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டது. கத்திரி அக்கா அந்தப் பக்கம் திரும்பி, சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை மூன்று முறை படித்தாள்.

திரும்பி வரும்போது பாட்டில்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “பாலத்துக்கடியில இன்னும் மூணு பேரு இருக்காங்கக்கா. நான் கேட்டா நீங்க திட்டுவீங்களோன்னு…”

“திட்டுவேன்தான். திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வா.”

திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. கத்திரி அக்கா மாடியறையிலிருந்து ஸ்டூலையும் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் கடை விரித்தாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சபைக்காரர்கள் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். “ஸ்தோத்திரம்” என்று அவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

முதல் தலை அலசி முடிகிற நேரம் அண்ணி வந்து நின்றாள். கையில் சாவி.

“வாசல் பூரா முடி பறக்குது. பாக்க நல்லாவா இருக்கு? உள்ள வந்து தொலைங்க.”

கத்திரி அக்கா சீப்பை நிறுத்தவில்லை. “உள்ள வந்தா நாற்காலியிலதான் உக்காருவாங்க அண்ணி. நாளைக்கு டீச்சர் கேட்டாலும், ஆமா, உக்காந்தாங்கன்னுதான் சொல்லுவேன்.”

அண்ணி பூட்டோடு மல்லுக்கட்டினாள். கதவு திறந்தது. வந்திருந்தவர்களில் மூத்தவள் வாசலில் நின்று, குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

“கழட்டாத,” என்றாள் கத்திரி அக்கா. “எல்லாரும் செருப்போடதான் வர்றாங்க. நீயும் அப்படியே வா.”