முத்தல் இலைக்கு விழுந்த ஓட்டுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பதுளையில் நான் குடியியற் கல்வி படிப்பிக்கும் பாடசாலையின் ஆண்டு மலருக்கு, ஜனநாயகத்தின் அடிப்படைகள் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். மூன்று வாரம் பேனாவைக் கடித்ததில் வந்தது இவ்வளவுதான்:

ஜனநாயகம் என்பது யாதெனில், மக்கள் தம்மைத் தாமே

(இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

அந்த வாரம்தான் பண்டாரவளை பஸ் நிலையத்தில் விஜயலெட்சுமியைக் கண்டேன். என்னிடம் முன்பு படித்த பிள்ளையின் தாய். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பஸ் வரவில்லை, கதை வந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலை முகட்டிலிருந்து பனி மெல்ல மெல்ல"

வெட்டிவிட்டேன். தோட்டத்துக் கதை என்றாலே பனி இறங்கியாக வேண்டுமா? அன்று நல்ல வெயில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி.

இரண்டாம் முயற்சி: தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மரண உதவிச் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. எட்டு வருஷமாகத் தலைவராக இருப்பவர் மாரிசாமி கங்காணி. வேலைக்காட்டில் அத்தனை பெண்களையும் மேய்ப்பவரும் அவர்தான். அவரை எதிர்த்து நின்றவன் புவனேந்திரன், விஜயலெட்சுமியின் கூடப்பிறந்த தம்பி.

எட்டு வருஷமும் கை தூக்கித்தான் தெரிவு நடந்தது. கங்காணி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கை தூக்காமல் இருக்கும்? புவனேந்திரன் சங்கத்தின் யாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சங்கம் நடக்க வேண்டிய விதிகளை எழுதிய ஓர் அப்பியாசக் கொப்பி. அதன் நாலாம் பக்கத்தில், "தெரிவு இரகசியமாக நடைபெறல் வேண்டும்" என்று இருந்தது. எழுதியவர்களே மறந்துபோன வரி.

எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் உண்டே என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புவனேந்திரனுக்கு என்றால் கொழுந்து, மாரிசாமிக்கு என்றால் முற்றிப்போன முத்தல் இலை. மூடிய கையோடு வந்து கூடைக்குள் விட வேண்டும். "நான்தானே வயசாளி, முத்தல் எனக்கே இருக்கட்டும்" என்று கங்காணியே சிரித்துக்கொண்டு கேட்டு வாங்கினார்.

கூடைக்குப் பொறுப்பு விஜயலெட்சுமி. வேட்பாளரின் அக்கா கூடைக்குப் பக்கத்தில் உட்காரலாமா? யாப்பில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. (யாப்பு எழுதியவர்கள் நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்களுக்குக் கெட்டது சட்டென்று தோன்றுவதில்லை. அதுதான் சிக்கல்.)

3

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓட்டு ஒழுங்காக நடந்து முடிந்தது. எண்ணுவதற்கு முன் மாரிசாமி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். இரண்டு வார்த்தை இருபது நிமிடம் ஓடியது. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயலெட்சுமியும்தான். கூடை அவள் மடியில் இருந்தது.

பிறகு எண்ணினார்கள். கொழுந்து முப்பத்தொன்று. முத்தல் நாலு. போட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. மாரிசாமி நாலு விரலை மடக்கிப் பார்த்தார். அவர், மனைவி, மகன், மருமகள். வீட்டைத் தாண்டி ஓர் ஆள்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து சங்கத்து முத்திரையை எடுத்து, வேட்டியில் துடைத்து, புவனேந்திரன் முன்னால் வைத்தார்.

"நல்லபடியா நடத்துப்பா. நான் வர்றேன்" என்றார்.

விஜயலெட்சுமி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தாள். அப்போதுதான் காலடியில் அது தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த வாங்குக்குக் கீழே ஒரு குவியல் முத்தல் இலை.

4

இங்கே பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தம்பி ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்திருந்தால்? பஸ் நிலையத்திலேயே கேட்டுவிட்டேன்.

"நெசமா கை தானா முத்தலைப் பொறுக்கிக் கீழ போட்டுச்சா?"

"சத்தியமா டீச்சர். பதினஞ்சு வருஷம் நிறுவைக்கு முன்னால முத்தலைப் பொறுக்கிப் போட்ட கை."

நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே அவள் மடியைப் பார்த்தேன். நான் வாங்கி வைத்திருந்த வல்லாரைக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. பழுத்த இலைகள் எல்லாம் வாங்கில் தனிக் குவியலாக. அவளுக்கே தெரியாது. சந்தேகத்தை அந்தக் குவியலோடு தள்ளிவிட்டேன்.

5

மடுவத்துக்குத் திரும்புவோம். சொன்னால் திருடி என்பார்கள், தம்பியும் முகம் கொடுக்க மாட்டான். சொல்லாமல் இருப்பதென்றால் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். மாரிசாமி வாசலைத் தாண்டப் போனார்.

"மாமா, நில்லுங்க!"

குனிந்து இரண்டு கையாலும் அள்ளி மேசையில் போட்டாள். "நீங்க பேசிக்கிட்டு இருக்கையில... என் கை... ஒங்க ஓட்டு மாமா, எல்லாம் ஒங்க ஓட்டு." அதற்கு மேல் அழுகைதான்.

புவனேந்திரனுக்கு முகம் செத்துவிட்டது. மாரிசாமி திரும்பி வந்தார். ஓர் இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

"முத்தலைப் பொறுக்கிப் போடு, முத்தலைப் பொறுக்கிப் போடுன்னு பதினஞ்சு வருஷமாக் கத்துனது யாரு? நான்தானே! நான் கத்துக் குடுத்த கைதான் என்னையப் பொறுக்கிப் போட்டிருக்கு!"

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி எல்லாரையும் பிடித்துக்கொண்டது. புவனேந்திரனும் சிரித்தான். முத்திரையை அவனே எடுத்து மேசையின் நடுவில் வைத்தான். "மறுபடி போடுவோம்க்கா, அழாத" என்றான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும், எழுதும்போது.

"சரி புள்ள, கூடைக்கு நீயே ஒக்காரு" என்றார் மாரிசாமி.

"வேணாம் மாமா. என் கைய என்னாலயே நம்ப முடியல. போட்டியில நிக்கிறவங்களோட சொந்தக்காரங்க கூடையத் தொடக்கூடாதுன்னு கொப்பியில எழுதுங்க."

எழுதினார்கள். (என் கட்டுரைக்கு மூன்று வாரமாகத் தேடிய வரியை அவள் சொல்லிவிட்டாள். நல்லவளின் கையும் தவறும் என்று தெரிந்துதான் யாப்பு எழுதப்படுகிறது. இந்த வரியை மட்டும் மலருக்கு அனுப்பிவிட்டேன். மற்றது இங்கே.)

6

இரண்டாம் தடவை இலை இல்லை. மாரிசாமிக்குப் புளியங்கொட்டை, புவனேந்திரனுக்குச் சோளம். கூடைக்கு மடுவத்து ஆயா ஜெயலெட்சுமி. விஜயலெட்சுமி தன் முறை வந்தபோது மூடிய கையைக் கூடைக்குள் விட்டாள், எடுத்தாள்.

முடிவு, ஒன்று: மாரிசாமி

முடிவு, இரண்டு: புவனேந்

இரண்டையும் வெட்டிவிட்டேன். வாசித்துப் பார்த்த எங்கள் பாடசாலை ரிஸ்கா டீச்சர், "வென்றது யாரென்று சொல்லாவிட்டால் என்ன கதை?" என்று கோபித்துக்கொண்டார். யார் வென்றார் என்று எனக்குத் தெரியும். விஜயலெட்சுமி யாருக்குப் போட்டாள் என்று மட்டும் தெரியாது. கேட்டேன். "அதெல்லாம் சொல்லக்கூடாது டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

ஆகவே வாசகரே, கூடை இதோ. புளியங்கொட்டையும் சோளமும் பக்கத்தில் இருக்கின்றன. கையை மூடிக்கொண்டு வாருங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.