ஏழு கிலோமீற்றர் சுற்று

கனகசூரியம் அந்தப் பக்கத்தைக் கண்டது ஒரு மழைநாள் மத்தியானம். வேலையில்லாமல் தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தவர், மகளின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தார். ஏழு வருடமாக வாயால் சொல்லாத பெயர். முதலில் வந்த ஐந்தாறு தக்ஷாயினிகளும் வேறு யாரோ. அதற்கும் கீழே, பிரான்சில் கால்நடையாகப் போகிறவர்கள் வழிகளை எழுதிப் போடுகிற ஒரு தளத்தில், அவளுடைய பெயரும் அவருடைய பெயரும் சேர்ந்து நின்றன. கணவன் கோகுலராஜின் பெயரை அவள் விட்டிருந்தாள். தகப்பனின் பெயரை விடவில்லை.

எழுதியிருந்தது பிரெஞ்சில். தொலைபேசியே அதைத் தமிழாக்கிக் காட்டியது. 'எளிதான வட்ட நடை. ஏழு கிலோமீற்றர். இரண்டு மணித்தியாலம். பற்றை நிலம், காடு, பண்ணை நிலம்.' அதற்குக் கீழே வழி. தேவாலயத்துக்குப் பின்னால் இறங்க வேண்டும், பற்றை நிலத்தில் இடப்பக்கத்து வேலியோடு போக வேண்டும், காட்டுக்குள் ஒரு சின்ன மரப்பாலம் வரும், மழைக்குப் பிறகு அங்கே சேறு. பண்ணைப் படலையைத் திறந்தவர்கள் மூடிவிட்டுப் போகவும். பதினெட்டுப் படங்கள். ஒன்றில்கூட அவள் முகம் இல்லை. ஊதாப் பூப் பற்றைகள் மண்டிக்கிடந்த ஒரு படத்தில் மட்டும், எடுத்தவளின் நிழல் நீளமாக விழுந்திருந்தது.

அன்று பின்னேரம் அவர் மனைவி வதனியிடம், "நாளைக்குத் துவக்கம் நடக்கப் போறன். சீனி கூடிக் கிடக்கு" என்றார்.

"நானும் வாறன். எனக்கும் முழங்கால் பிடிக்குது" என்றாள் வதனி.

வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

அவர்களுடைய வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கனகசூரியம் முப்பத்தோரு வருடம் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூரம் பிடிப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. கோயில் பின்வீதியால் இறங்கி, வாவிக்கரைப் பற்றைக்காட்டைத் தாண்டி, வீரை, பாலை மரங்கள் நிற்கிற காட்டுத்துண்டுக்குள் புகுந்து, மறுபக்கத்தால் வட்டை வயல்வெளிக்குள் இறங்கி, வரம்பு வழியே வீட்டுக்கு வந்தால் ஏழு கிலோமீற்றருக்கு நூறு மீற்றர் குறைந்தது. அந்த நூறையும் வாய்க்கால் பக்கம் வளைத்துச் சரிக்கட்டினார். யானைகள் விடிய முன்னர்தான் வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும் என்பதால், நன்றாக வெளித்த பிறகே புறப்பட்டார்கள்.

மூன்று கிழமையாக இப்படி நடந்தது. பற்றைக்காட்டில் ஒரு தடவை நிற்பார், காட்டுக்குள் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட தென்னங்குற்றியில் ஒரு தடவை நிற்பார், வட்டைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு தடவை. வதனி ஒன்றும் கேட்கவில்லை. அவள் முன்னால் போய்க்கொண்டிருப்பாள், பிறகு அவரும் வந்து சேர்வார்.

அவள் கேட்டது மார்கழி நடுவில், வானம் இரண்டு நாளாக வெளிக்காமல் கிடந்த ஒரு காலையில். இருவரும் தென்னங்குற்றியருகே நின்றார்கள். கீழே வாய்க்கால் கலங்கி ஓடியது.

"ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில ஏன் நிக்கிறீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். "பிள்ளை நடக்கிற இடம். அவள்ற கணக்குக்குத்தான் நானும் நடக்கிறன்" என்றார். மனைவி அழுவாள், தொலைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பாள் என்று அவர் நினைத்திருந்தார்.

வதனி படங்களை மெதுவாகத் தள்ளினாள். மரப்பாலத்தில் விரல் நின்றது.

"இந்தப் பாலத்தை எனக்குத் தெரியும்" என்றாள். "போன வருசம் ஒருக்கா வெள்ளத்தில உடைஞ்சது. மறுகா புதுசாப் போட்டவங்க."

"உனக்கு என்னெண்டு தெரியும்?"

"அவள் சொன்னவள். புதன்கிழமையில போன் எடுப்பாள். நீங்க ஓய்வூதியர் சங்கத்துக்குப் போன புறகு."

கனகசூரியம் தொலைபேசியைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டார். "எவ்வளவு காலமா?"

"நீங்க அவளை எடுக்காத எண்டு சொன்ன கிழமையிலயிருந்து."

அந்த அழைப்பு அவருக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. கோகுலராஜ் அவர் பார்த்த பிரான்ஸ் மாப்பிள்ளை, அவரோடு ஒரே கந்தோரில் இருந்தவரின் மகன். கல்யாணமாகி இரண்டாம் வருடம், தக்ஷாயினி யாரோ சிநேகிதியின் வீட்டிலிருந்து பேசினாள். கை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது, இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். அவர் கையைப் பற்றிக் கேட்கவில்லை. நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்றார். திரும்பிப் போ, போகாவிட்டால் எனக்கு எடுக்காதே என்றார். அவள் சரி அப்பா என்று சொல்லி வைத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இன்னொண்டும் சொல்ல வேணும்" என்றாள் வதனி. அவள் அவரைப் பார்க்கவில்லை. "போன ஆவணியில அவள் வந்தவள்."

"எங்க வந்தவள்?"

"கல்குடாவுக்கு. பத்து நாள் நிண்டவள்."

ஆவணியில் வதனி பத்து நாள் வீட்டில் இல்லை. வாழைச்சேனையில் இருக்கிற தங்கைக்கு ஒப்பரேசன் என்று போயிருந்தாள். அவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனார். வருத்தக்காரி சாப்பிடட்டும் என்று இரண்டு மண்முட்டித் தயிர் வாங்கிக் கொடுத்தார். பஸ் வெளிக்கிடும்வரை யன்னலுக்குக் கீழே நின்று, தங்கைக்கு என்னென்ன கொடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒப்பரேசன்?"

"தங்கச்சிக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"தயிர்?"

"பிள்ளைதான் சாப்பிட்டவள். நீங்க வாங்கித் தந்தது எண்டு நான் சொல்லல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டாள்."

கனகசூரியம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காய்ந்த இலைகள் குவிந்து வந்து குற்றியில் முட்டி, சுழன்று, அடியால் போயின. கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. மெலிந்திருக்கிறாளா, தலைமயிர் நரைத்திருக்கிறதா, உடைந்த கை சரியாக மடங்குகிறதா. கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்.

"என்னைப் பற்றிக் கேட்டவளா?"

வதனி பொய் சொல்லப் பார்த்தாள் போல இருந்தது. "அப்பா இன்னும் அதே கதைதானா எண்டு கேட்டவள். எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். எனக்கு உண்மையில தெரியாது. நீங்க அவளைப் பற்றி ஒரு வார்த்தை கதைச்சாத்தானே தெரியும்."

திரும்பிப் போனாலும் அதே தூரம், முன்னால் போனாலும் அதே தூரம் என்பதால் முன்னால் நடந்தார்கள். காடு முடிந்து வட்டைக்குள் இறங்கியபோது மழை தூறத் தொடங்கியது. நெல் வேளாண்மை முழங்காலளவு நின்றது, வரம்பெல்லாம் வழுக்கியது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். வதனி முன்னால் போனாள். முழங்கால் நோவில் ஒரு பக்கம் சாய்ந்து போகிற அந்த நடையை அவர் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனார்.

வயலுக்குள் நின்று தண்ணி திறந்துகொண்டிருந்த கந்தப்போடி நிமிர்ந்து, "என்ன சேர், மழையிலயும் நடையா?" என்று கேட்டார்.

"ஓம். சீனி குறைய வேணுமே" என்றார் கனகசூரியம். அவ்வளவு வழமையான குரலில் தன்னால் பேச முடிந்தது அவருக்கே வெறுப்பாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை அவர் சங்கத்துக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு வதனியின் தொலைபேசி அடித்தபோது, கூடத்தில் அவளுக்கு எதிர்க் கதிரையில் இருந்தார். அவள் ஒரு தரம் அவரைப் பார்த்துவிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டு மேசையில் வைத்தாள்.

"அம்மா" என்றது குரல். கொஞ்சம் தடித்திருந்தது, ஆனாலும் அவளுடையதுதான்.

"பிள்ளை, அப்பா பக்கத்தில இருக்கிறார். அவருக்கு எல்லாம் சொல்லிப்போட்டன்."

எதிர்ப்பக்கத்தில் யாரோ பாத்திரங்களை அடுக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு நேரம் அது. கனகசூரியம் முன்னால் குனிந்தார். மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த சொற்கள் தொண்டை வரை வந்தன. பிள்ளை என்று தொடங்குவதா, பெயரைச் சொல்லித் தொடங்குவதா என்பது மட்டும் முடிவாகவில்லை.

"இண்டைக்கு வேணாம் அம்மா" என்றாள் தக்ஷாயினி.

வதனி தொலைபேசியைக் கையில் எடுத்தாள், சத்தத்தைக் குறைக்க. அவள் விரல் படுவதற்குள் மகள் பேசத் தொடங்கிவிட்டாள். "உங்கட முழங்கால் எப்படி? அந்த எண்ணெய் பூசுறீங்களா?"

வதனி தொலைபேசியை இருந்த இடத்திலேயே வைத்தாள். "பூசுறன். குளிர்தான் ஒத்துக்கொள்ளுதில்ல."

"இஞ்ச ஒரு கிழமையா மழை. ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகல்ல. சப்பாத்து இன்னும் காயல்ல."

அவள் இருபது நிமிடம் பேசினாள். இல்லத்தில் ஒரு கிழவி இறந்துபோனதையும், அந்த அறைக்கு இன்னும் ஆள் வராததையும், மாடிப்படியில் விளக்கு எரியாததையும் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு இடத்திலும் அவரைக் குறிப்பிடவில்லை, பேச்சைச் சுருக்கவும் இல்லை. கனகசூரியம் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியபடி மூச்சுச் சத்தம் கேட்காமல் இருந்தார். உடைந்த கை சரியாக மடங்குகிறதா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"சரி அம்மா, மணி அடிக்குது. அடுத்த புதன் எடுக்கிறன்" என்று அவள் வைத்தாள்.

வதனி எழும்பி விளக்கைப் போட்டாள். "அடுத்த புதனும் இருக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"அவளைக் கேட்டுச் சொல்லு" என்றார் அவர். "வேணாம் எண்டாச் சங்கத்துக்குப் போறன்."