ஷெமி மிஸ் எடுத்த கோல்கீப்பர்

போன வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில் ஷெமியின் ஹாக்கி அணி முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. ஏழாவது விழுந்தபோது எதிரணிப் பெண்களுக்கே சங்கடமாகிவிட்டது. கொண்டாடாமல், துக்க வீட்டிலிருந்து திரும்புகிறவர்களைப் போல நடுக்கோட்டுக்கு நடந்து போனார்கள். கோல்களைக்கூட ஷெமி மறந்துவிட்டாள். அந்த நடையை மறக்க முடியவில்லை.

பேரூர்க்கடைப் பக்கம் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் அவள் உடற்கல்வி ஆசிரியை. சொந்த ஊர் பாறசாலை. ஒரு காலத்தில் மாநில அணியில் பின்வரிசை ஆடியவள். இடது கைச் சுண்டுவிரல் ஒரு முறை உடைந்து, இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. தோல்விக்கு என்ன காரணம் என்று பிரின்சிபல் சத்தியதாஸ் கேட்டபோது, "ஸ்டாமினா போதாது சார்" என்று சொல்லிவைத்தாள். சொன்னதற்காக, பெண்களைக் காலைதோறும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டாள். நன்றாகவே ஓடினார்கள். டிசம்பரில் நடந்த சிநேக ஆட்டத்தில் முன்னைவிட வேகமாக ஓடித் தோற்றார்கள்.

சத்தியதாஸ் நல்ல மனிதர். ஆனால் ஹாக்கி தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொள்ளவும் தெரியாது. ஜூன் மாதம் ஷெமியை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஹாக்கிக்கு ஒரே ஒரு சீட்டு. யோசிச்சு எடுங்க. இந்த வருஷமும் இதே கதையானா டீமை நிறுத்திட்டு அந்த எடத்துல பாட்மிண்டன் கோர்ட் போடலாம்னு மேனேஜ்மென்ட்ல ஒரு பேச்சு இருக்கு."

தேர்வு நாளன்று வானம் கறுத்திருந்தாலும் மழை பெய்யவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். ஷெமியோடு தேர்வு செய்ய வெங்கடகிருஷ்ணன் வந்திருந்தார். நகரத்தின் பழைய கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்காரர். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷம் ஹாக்கி அம்பயராக விசிலும் ஊதியவர். மடக்கு நாற்காலியை விரித்து, குடையை ஒரு பக்கமும் காபி பிளாஸ்க்கை மறு பக்கமும் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் நீதிபதி உட்காருவதைப் போல உட்கார்ந்தார்.

பந்தை உருட்டிக்கொண்டு பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். அதில் ஸ்ரீலக்ஷ்மி என்ற பெண் எல்லோரையும் வாயடைக்க வைத்தாள். பந்து அவள் மட்டையைவிட்டுப் பிரியவே மனமில்லாததுபோல் கூடவே போயிற்று.

"பாருங்கோ ஷெமி! இவ பந்தைத் தள்றாளா, தாலாட்டறாளா?" வெங்கடகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இனிமே மத்தவாளைப் பார்க்கணுமா என்ன? ஆத்துக்குப் போயிடலாம் போலிருக்கே."

ஷெமிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் வந்தவர்களைப் பார்க்காமல் அனுப்ப முடியுமா? கடைசியாக வந்தவள் ஜினி. விழிஞ்ஞத்துப் பெண். அம்மா எலிசாள் துறைமுகத்தில் மீன் ஏலம் விளிக்கிறவள். ஜினி முதல் கூம்பைச் சாய்த்தாள். மன்னிப்புக் கேட்கத் திரும்பியதில் இரண்டாவதும் சாய்ந்தது. ஓட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் வந்தாள். பந்தை ஓங்கி அடிக்கச் சொன்னபோது அடித்தாள். அது கோல் இருந்த திசையை விட்டுவிட்டு நேராக வந்து பிளாஸ்க்கைச் சாய்த்தது. காபி வெங்கடகிருஷ்ணனின் பேண்ட்டில் பரவியது.

"அய்யோ சாரே! சூடா இருந்துதா?" ஜினி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். சாலையில் போன ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆறிப்போன காபிதாம்மா" என்று அவர் கனிவாகச் சொன்னார். மதிப்பெண் போடும்போது அந்தக் கனிவைக் காட்டவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஷெமிக்கு வேறொரு யோசனை இருந்தது. வந்தவர்களைக் கல்லூரி அணியோடு ஆடவிட்டால், புதியவர்களையும் எடைபோடலாம், பழையவர்களின் நிலையும் தெரியும். வந்த பெண்கள் ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தியிருந்ததால், அலமாரியிலிருந்து கல்லூரியின் பழைய நீலச் சட்டைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தாள். கல்லூரி அணி வெள்ளைப் பயிற்சிச் சட்டையில் இறங்கியது. ஒரே ஒரு குறை. புதியவர்களில் கோல்கீப்பர் யாருமில்லை.

"யாராவது கோல்ல நிப்பீங்களா மக்களே?" என்று கேட்டாள் ஷெமி.

ஜினி கையைத் தூக்கினாள். "மிஸ்ஸே, கோல்ல நின்னா ஓட வேண்டாமல்லே?"

"வேண்டாம்."

"அப்ப நான் நிக்குதேன்."

ஷெமி விசில் ஊதினாள். ஜினி வாயைத் திறந்தாள். ஆட்டம் முடியும்வரை மூடவில்லை.

கூட ஆடுகிறவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. அதனால் பார்த்ததை வைத்துக் கூப்பிட்டாள். "மஞ்ச ரிப்பனே, பின்னால ஆளு வருது! கண்ணாடி, நீ அங்கேயே நில்லு, அனங்காதே! எடீ உயரமே, எங்க போற, வீட்டுக்கா? எறங்கி வா! லெப்டு காலி, லெப்டு காலி, அங்க குடு!" ஒருவரையொருவர் அன்று காலையில்தான் பார்த்த பத்துப் பெண்கள், அந்தக் குரல் இழுத்த இழுப்புக்கெல்லாம் நகர்ந்தார்கள். அடைக்க வேண்டிய இடத்தில் ஆள் இருந்தது. பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அங்கே ஸ்ரீலக்ஷ்மி நின்றாள். முதல் கோல். சற்று நேரத்தில் இரண்டாவது.

அப்போதுதான் ஷெமிக்கு வெள்ளைப் பக்கத்தின் அமைதி உறைத்தது. மூச்சு இரைப்பது கேட்டது, மட்டையில் பந்து படுவது கேட்டது, பேச்சு மட்டும் இல்லை. எல்லோரும் தனித்தனியாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக இவர்களை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து சத்தியதாஸ் வந்து சேர்ந்தார். நீலச் சட்டைக்காரிகள் மூன்றாவது கோலை அடிப்பதைக் கண்குளிரப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கொள்ளாம்! ஷெமி, நம்ம பிள்ளைங்க இப்படி ஆடி நான் கண்டதே இல்ல!"

ஷெமி விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.  வெங்கடகிருஷ்ணன் சட்டென்று வானத்தில் மழை வருகிறதா என்று ஆராயத் தொடங்கினார்.

மைதானத்தில் வெள்ளை அணியின் கேப்டன் பத்மப்ரியா பந்தோடு நின்று யாருக்குக் கொடுப்பது என்று தேடினாள். முன்வரிசை அபிஷா தன்னந்தனியாக, யாரும் அண்டாமல் நின்றாள். பத்மப்ரியாவின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. எதிர்க் கோலில் நின்ற ஜினிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா! அந்த அக்கா சும்மா நிக்குதால்லே? அவளுக்குக் குடுக்காம என்ன தேடுதீங்க? ரெண்டு பேருக்கும் பெணக்கமா?"

மைதானம் முழுக்கச் சிரித்தது. பத்மப்ரியாவின் முகம் சிவந்தது. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துப் பந்தை அடித்தாள். அது நேராக அபிஷாவிடம் போயிற்று. அபிஷா திகைத்து, பிறகு சுதாரித்து, ஜினியின் கால்களுக்கு நடுவே கோலுக்குள் தள்ளிவிட்டாள்.

"நான் வாயை வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று ஜினி சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது.

"பரவாயில்ல, வந்த பிள்ளைங்களுக்கும் ஒண்ணு கெடைக்கட்டும்" என்றார் சத்தியதாஸ் பெருந்தன்மையாக.

ஆட்டம் முடிந்ததும் யாரும் தடுப்பதற்குள் அவர் மைதானத்துக்குள் இறங்கி ஜினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்ன மாதிரி ஒரு குரல்தான் நம்ம டீமுக்கு வேணும். எந்த டிபார்ட்மென்ட்? செகண்ட் இயரா?"

"இல்ல சாரே. பிளஸ் டூ கழிஞ்சு. இங்க சீட்டு கெடைக்குமான்னு பாக்க வந்தேன்."

சத்தியதாஸ் மெல்லத் திரும்பினார். "அப்போ அந்த வெள்ளை?"

"நம்ம காலேஜ் சார்" என்றாள் ஷெமி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "இந்த நீலத்த மொத்தமா எடுக்க வழியில்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சீட்டு ஒண்ணுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அவர் போனபின் ஷெமி பத்மப்ரியாவையும் அபிஷாவையும் தனியாகக் கூப்பிட்டு என்ன சண்டை என்று கேட்டாள். போன வருஷம் போட்டிக்குப் போன ரயிலில் பத்மப்ரியா வாயைப் பிளந்து தூங்கியதை அபிஷா படமெடுத்து, தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து பேச்சில்லை. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். "அந்தப் படத்தைக் காட்டு" என்றாள் ஷெமி, நியாயம் சொல்லும் எண்ணத்தில். அபிஷா தன் போனில் காட்டினாள். ஷெமி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள், கடைசியில் வெடித்துச் சிரித்துவிட்டாள். பத்மப்ரியா விருட்டென்று எழுந்து போய்விட்டாள். சமாதானம் அத்தோடு முடிந்தது.

சீட்டை ஜினிக்குக் கொடுப்பதாக ஷெமி சொன்னபோது வெங்கடகிருஷ்ணன் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். மறுபடி விரித்து உட்கார்ந்தார்.

"விளையாடறேளா? தங்கமாட்டம் ஒருத்தி இருக்கா. அவளை விட்டுட்டு என் பேண்ட்டுல காபி கொட்டினவளை எடுக்கறேங்கறேளே?"

"தங்கம்தான் சார். ஒத்துக்குறேன். ஆனா எங்க பிள்ளைங்க அவளுக்குப் பந்து குடுக்க மாட்டாங்க. யாருக்கும் யாரும் குடுக்காத டீமுல அவ வந்து என்ன செய்வா? இவ வந்தா மத்த பத்து பேருக்கும் காது கேக்கும்."

"பின்னாடி வருத்தப்படப் போறேள்."

"இருக்கலாம் சார்" என்றாள் ஷெமி. அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அவர் சொன்னது பலித்தது. ஒரே வாரத்தில் நகரத்தின் இன்னொரு கல்லூரி ஸ்ரீலக்ஷ்மியைச் சேர்த்துக்கொண்டது. புதுச் சீருடையில் அவள் நிற்கும் படத்தை வெங்கடகிருஷ்ணன் வாட்ஸ்அப்பில் ஷெமிக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுவே போதும் என்று அவருக்குத் தெரியும்.

ஜூலை, ஆகஸ்ட் முழுக்க மழையிலும் சேற்றிலும் பயிற்சி நடந்தது. ஷெமி ஓட்டத்தைக் குறைத்தாள். கோலில் எப்படி நிற்பது, காலை எப்படி மடக்குவது என்பதை ஜினிக்கு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வாயை மட்டும் அவள் வீட்டிலிருந்தே பழகி வந்திருந்தாள். அணியில் பேச்சு வந்தது. பத்மப்ரியாகூட அபிஷாவுக்குப் பந்து கொடுத்தாள், ஆனால் பெயர் சொல்ல மாட்டாள். "பத்தாம் நம்பர்" என்பாள், பஸ் நம்பர் சொல்வதுபோல.

செப்டம்பரில் மாவட்டக் கல்லூரிகளின் லீக் தொடங்கியது. முதல் ஆட்டமே ஸ்ரீலக்ஷ்மியின் கல்லூரியோடு. பார்க்க வந்த வெங்கடகிருஷ்ணன் இரண்டு அணிக்கும் பொதுவான இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். ஸ்ரீலக்ஷ்மி பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் அடித்தாள். இரண்டும் அழகு. ஷெமிக்கே கைதட்டத் தோன்றியது. வெங்கடகிருஷ்ணன் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை. இடைவேளைக்குப் பிறகு அபிஷா ஒன்றைத் திருப்பினாள்.

கடைசிக் கட்டத்தில் எதிரணிப் பெண்ணின் காலில் பந்து பட்டது. ஹாக்கியில் அது ஃபவுல், ஆனாலும் அம்பயர் விசில் ஊதவில்லை. ஜினி சும்மா இருப்பாளா?

"சாரே, அவ கால்ல பட்டுது! கண்டில்லையா? சாரே! இங்கேருந்து எனக்குத் தெரியுதே, அங்கேருந்து சாருக்குத் தெரியாதா?"

ஒரு முறை அம்பயர் எச்சரித்தார். இரண்டாம் முறை பச்சை அட்டையைக் காட்டினார். இரண்டு நிமிஷம் வெளியே. பழைய கோல்கீப்பர் அன்று வந்திருக்கவில்லை, பெஞ்சில் வேறு ஆள் கிடையாது. ஜினி பெரிய பெரிய காப்புகளோடு பெங்குவின்போல் நடந்து வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோல் காலி. குரலும் காலி. 

எதிரணி மொத்தமாக ஏறி வந்தது. பத்மப்ரியா ஓடிப்போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றாள். ஸ்ரீலக்ஷ்மி ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், அடித்தாள். பத்மப்ரியா மட்டையைக் கிடையாகப் போட்டு மறித்தாள். பந்து அவள் காலடியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் பத்தாம் நம்பர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"அபிஷா!" என்று அலறினாள் பத்மப்ரியா. "எடீ அபிஷா! இங்க பாரு! ஓடு!"

ஒரு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத பெயர். அபிஷா திடுக்கிட்டுத் திரும்பினாள், திரும்பின வேகத்திலேயே ஓடினாள். பந்து மைதானத்தை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்து அவள் மட்டையில் உட்கார்ந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் தள்ளினாள். இரண்டுக்கு இரண்டு.

நாற்காலியில் ஜினி எழுந்து குதித்தாள். வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆட்டம் சமமாகவே முடிந்தது. ஜெயிக்கவில்லைதான். ஆனாலும் பெண்கள் கோப்பை வாங்கியவர்களைப் போல ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து பத்மப்ரியா சொன்னாள்: "இனியாவது அந்தப் போட்டோவ டிலீட் பண்ணு."

"இன்ஸ்டாவுல அன்னைக்கே பண்ணியாச்சே" என்றாள் அபிஷா. "நீ என்னை பிளாக் பண்ணி வச்சிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

வெங்கடகிருஷ்ணன் குடையை ஊன்றிக்கொண்டு ஷெமியிடம் வந்தார். "ஸ்ரீலக்ஷ்மி ரெண்டு அடிச்சா. பார்த்தேளோன்னோ?"

"பாத்தேன் சார். அவ நம்மகிட்ட இருந்தா நாலு அடிச்சிருப்பா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லே" என்றார். "யாரும் பந்து குடுத்திருக்க மாட்டா." சொல்லிவிட்டு, ஸ்ரீலக்ஷ்மியை வாழ்த்தப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கல்லூரி பஸ், பட்டம் என்ற இடத்துச் சிக்னலில் நகராமல் நின்றது. உள்ளே யார் எதைத் தவறவிட்டார்கள், யார் எப்போது குறுக்கே வந்தார்கள், அந்தக் கார்னரை யார் எடுத்திருக்க வேண்டும் என்று பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் வாதாடினார்கள். ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

டிரைவர் பின்னால் திரும்பினார். "மேடம், இந்தப் பிள்ளைங்கள கொஞ்ச நேரம் மிண்டாதிருக்கச் சொல்லுங்களேன். தலை வலிக்குது."

"அது மட்டும் சொல்ல மாட்டேன் சேட்டா" என்றாள் ஷெமி. "சிக்னல் விழுந்தாச்சு, வண்டிய எடுங்க."