நானூற்றுப் பன்னிரண்டு

கருவி மூன்றாவது முறை எண்ணியும் நிமிடத்துக்கு நானூற்று முப்பத்தொன்றுதான் வந்தது. போன வருடம் அண்ணன் அளந்தபோது இதே மணலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

அவள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அண்ணி போனை அண்ணன் காதில் வைத்தாள்.

"மணல வறுத்தியா?"

"எட்டு மணி நேரம் வறுத்தேண்ணா. சொட்டு ஈரமில்ல."

"ஒயரு?"

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

"என்னத் தவிர," என்று சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது.

நிலவில் வெயிலே எட்டாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறதா என்று தோண்டாமலே சொல்ல அண்ணன் செய்த கருவி அது. நிலவின் மண்ணிலிருந்து எந்நேரமும் நியூட்ரான்கள் தெறித்துக்கொண்டிருக்கும். கனமான அணுவில் மோதினால், சுவரில் பட்ட பந்துபோல வேகம் குறையாமல் திரும்பும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவோ நியூட்ரானின் எடையே உள்ளது. அதில் மோதினால், கோலியில் பட்ட கோலிபோல வேகத்தைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகும். வேகமானவற்றை மட்டும் எண்ணிக்கொண்டே போனால் போதும்; எங்கே எண் குறைகிறதோ அங்கே தண்ணீர். இவ்வளவு எளிமையாக்க அண்ணனுக்குப் பதினோரு வருடம் ஆனது.

மணலுக்கடியில் நியூட்ரான்களை உமிழும் சிறிய மூலப்பொருளை வைத்து, உலர்ந்த மண்ணுக்கு என்ன எண் என்று இங்கேயே அளந்துகொள்ள வேண்டும். அது ஆட்டம் கண்டால் அங்கே காண்பது எதையும் நம்ப முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் கருவியை விட்டுவிட்டு விண்கலம் கிளம்பிவிடும்.

அன்று மாலை அண்ணன் இறந்துபோனார்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, அண்ணி சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள்.

"சாப்பிடக் கூப்பிட்டா, 'எண்ணி முடியட்டும்'பாரு. அப்படி அங்க என்னதாண்டி பண்ணுவாரு?"

"மெஷின் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துடுவாரு அண்ணி. ஒரு மணி நேரம் அசைய மாட்டாரு. எங்களைப் பக்கத்துலயே விடமாட்டாரு."

"அடைகாக்குற கோழி!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணி, நோய் வர்றதுக்கு முன்னாடி அண்ணன் எத்தன கிலோ?"

"எழுபது. எதுக்குடி இப்ப?"

"காலைல சொல்றேன்."

வியாழக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் அந்த ஸ்டூல் சுவரோரம் தள்ளிக் கிடந்தது. தரையில் அதன் நான்கு கால்கள் தேய்த்த தடங்கள் அப்படியே இருந்தன. ஸ்டூலை அவற்றின் மேல் பொருத்தினாள். குடிதண்ணீர் கேன்கள் இரண்டைத் தூக்கி வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அதில் வைத்தாள். இருபது லிட்டர், இருபது லிட்டர். எழுபது கிலோ மனிதனுக்குள் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர்தான் இருக்கும்.

விலகி நின்று ஒரு மணி நேரம் எண்ணவிட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

கேன்களை இறக்கி எண்ணினாள். நானூற்று முப்பத்தொன்று. மீண்டும் ஏற்றினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

பதிவேட்டில் எழுதினாள்: "கருவியில் பழுதில்லை. முன்பு அளந்தபோது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உலர்ந்த மணலுக்குச் சரியான எண் நானூற்று முப்பத்தொன்று."