அப்பான்ரை நெஞ்சு, மாமான்ரை பேர்

தர்மிகா அக்கா, நித்திரையெண்டா விடியக் கேளுங்கோ. அம்மா பக்கத்து அறையிலை படுத்திருக்கிறா, அதாலை மெல்லமாத்தான் கதைக்கிறன். இதைக் கேட்டுட்டுப் பெரியம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.

அப்பாவுக்கு வந்திருக்கிறது நுரையீரலைச் சுத்தியிருக்கிற தோலிலை வாற கான்சர். அஸ்பெஸ்ரஸ் தூசி குடிச்ச ஆக்களுக்குத்தான் அனேகமா வருமாம், அதுவும் முப்பது நாப்பது வருசம் கழிச்சு. முதல்நாளே டொக்டர், உங்கடை அப்பா எங்கை வேலை செய்தவர் எண்டு கேட்டார். வழமை மாதிரி ஜேர்மன் பாசையை நான்தானே மொழிபெயர்க்கிறது. அப்பா சொன்னார், "ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினனான் எண்டு சொல்லு பிள்ளை." சொன்னன்.

பக்கத்துக் கட்டில்லை கிறிஸ்ரியன் எண்டு ஒரு வெள்ளைக்கார ஐயா. நேவிக் கப்பல்லை எஞ்சின் அறையிலை இருந்தவர். அவருக்கும் இதே வருத்தம்தான். படையிலை இருக்கேக்கை வந்ததெண்டு அரசாங்கம் ஒத்துக்கொண்டு மாதாமாதம் குடுக்குது, அவருக்குப் பிறகு மனுசிக்கும் குடுக்குமாம். "கடல்லை சாகாமல் கட்டில்லை சாகிறதுக்குச் சம்பளம் தாறாங்கள்" எண்டு சிரிப்பார். சிரிச்சா இருமல் வரும்.

போன கிழமை அவர் போனிலை தன்ரை கப்பல் படம் காட்டினவர். அப்பா கையிலை வாங்கி விரலாலை பெரிசாக்கிப் பார்த்துட்டு, பொயிலர் அறைக்கு இறங்கிற ஏணி சரியான ஒடுக்கம், என்ன எண்டு தன்ரை உடைஞ்ச டொச்சிலை சொன்னார். கிறிஸ்ரியன் சிரிப்பை நிப்பாட்டிட்டார். "நீ அதுக்குள்ளை என்ன செய்தனி?" அப்பா போனைத் திருப்பிக் குடுத்துட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

வீட்டை வந்து அம்மாவைப் பிடிச்சு உலுப்பித்தான் கேட்டன். அப்பா இஞ்சை ஜேர்மனிக்கு வந்த புதுசிலை அகதிகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லையாம். ராசலிங்கம் மாமாவுக்கு இருந்தது. மாமா ரெஸ்ரோறன்ரிலை கள்ளமாக் கோப்பை கழுவ, மாமான்ரை வேலை அனுமதிக் கார்ட்டைக் கொண்டு அப்பா வடக்கிலை ஒரு துறைமுகத்திலை வேலைக்குப் போயிருக்கிறார். பழைய நேவிக் கப்பலுக்குள்ளை இறங்கி, குழாயளிலை சுத்தியிருக்கிற அஸ்பெஸ்ரஸ் பஞ்சைக் கையாலை உரிக்கிற வேலை. கார்ட்டிலை மாமான்ரை படம்தான். "வெள்ளைக்காரனுக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதானே" எண்டு அம்மா சொன்னா. அப்பிடி எத்தினையோ பேர் செய்தவையாம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மா கட்டிலடியிலை நிண்டுகொண்டு கேட்டா, "அண்ணை, அந்த வேலை இவர் செய்ததெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். இவருக்குப் பிறகு எனக்கும் பிள்ளைக்கும் ஏதும் கிடைக்கும்."

மாமா தோடம்பழம் உரிச்சுக்கொண்டு இருந்தார். "தங்கச்சி, அந்த வருசங்கள் என்ரை பென்சனுக்குள்ளை கிடக்கு. அதைத் தோண்டினா என்ரை சிற்றிசன்சிப் வரைக்கும் தோண்டுவாங்கள். என்ரை பெடியன் அஷ்வினுக்கு இப்பத்தான் கலியாணம் சரிவந்திருக்கு."

பிறகு அவரே சொன்னார் அக்கா, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு. அந்த வேலை செய்த ஆக்களை வேலைக் காப்புறுதிக்காரர் பதிஞ்சு வச்சு, காசில்லாமல் நெஞ்சுச் சோதினைக்குக் கூப்பிடுறவங்களாம். எத்தினையோ வருசமா மாமாவைக் கூப்பிடுறாங்கள். மாமாவும் ஒழுங்காப் போறவர். "ஒரு குறையும் இல்லையெண்டுதான் ஒவ்வொருமுறையும் சொல்லுறாங்கள்" எண்டார்.

எப்பிடி இருக்கும்? அந்தப் பஞ்சு அவருக்குள்ளை போகேல்லையே.

நான் கத்தத்தான் வாய் திறந்தன். அப்பா கையைக் காட்டி மறிச்சுப்போட்டார். "அண்ணையைப் பேசாதை. அவர் கார்ட் தராட்டி நான் அகதிக் காம்பிலை விசர் பிடிச்சுக் கிடந்திருப்பன்." பிறகு மாமாவைப் பார்த்து, "நீங்கள் யோசிக்காதேங்கோ அண்ணை, நான் சொல்லமாட்டன்" எண்டார். மாமா உரிச்ச பழத்தை அப்பான்ரை கையிலை வச்சார். அப்பா அதைச் சாப்பிட்டவர் அக்கா.

இண்டைக்கு அந்த வேலைக் காப்புறுதியிலை இருந்து ஒரு பொம்பிளை வந்தவ. இந்த வருத்தமெண்டா டொக்டர் கட்டாயம் அறிவிக்கவேணுமாம். நல்ல மனுசி. கதிரையை அப்பாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கப்பல்லையோ கட்டிட வேலையிலையோ எப்பவாவது நிண்டவரோ எண்டு ஆறுதலாக் கேட்டா.

அப்பா தமிழிலை சொன்னார், "ஒருநாளும் இல்லையெண்டு சொல்லு. ரெஸ்ரோறன்ர் மட்டும்தான்."

நான் டொச்சிலை சொன்னன், "ஓம், நேவிக் கப்பல்லை. வேறை ஒராளின்ரை பேரிலை."

அந்தப் பொம்பிளை பேனையைக் கையிலை எடுத்தா. கிறிஸ்ரியன் கட்டில்லை நிமிர்ந்து இருந்தார். அப்பா என்னைப் பார்க்கேல்லை. அந்தப் பொம்பிளையைப் பார்த்து, தானே டொச்சிலை, ஒவ்வொரு சொல்லாச் சொன்னார்: "இல்லை. ரெஸ்ரோறன்ர். பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பயம்."

அவ என்னைப் பார்த்தா. அப்பாவைப் பார்த்தா. யாற்றை பேரிலை எண்டு என்னட்டைக் கேட்டா. அப்பான்ரை கண் என்னிலைதான் நிண்டது. நான் அப்பான்ரை போர்வையை இழுத்துவிட்டன் அக்கா. அவ எதையோ எழுதிப்போட்டு, பேர் இல்லாமல் தன்னாலை ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிட்டுப் போட்டா.

அவ போனாப்பிறகு அப்பா கதைச்சார். கோவமா இல்லை, சாதாரணமாத்தான். "நாளையிலை இருந்து டொக்டரோடை கதைக்க நீ வரவேண்டாம் பிள்ளை. ஆஸ்பத்திரியிலை மொழிபெயர்க்க ஆள் தருவினமாம். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ."

இவ்வளவு நாளும் டொக்டர் சொன்ன எல்லாம் என்ரை வாயாலைதான் அப்பாவுக்குப் போனது. எத்தினை மாதம் எண்டதைக்கூட நான்தான் சொன்னனான். இனி அந்த அறைக்குள்ளை என்ன சொல்லுறாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. அப்பா கடைசி வரைக்கும் "பரவாயில்லை" எண்டுதான் சொல்லுவார். அம்மா அதை நம்புவா.

மாமான்ரை பேர் இப்பவும் என்ரை வாய்க்குள்ளைதான் கிடக்கு. அந்தப் பொம்பிளையின்ரை நம்பர் என்னட்டை இருக்கு. அவவுக்குப் போன் எடுத்தா அப்பா இருக்கிற கொஞ்ச நாளும் என்னோடை கதைக்கமாட்டார். எடுக்காட்டி, அவருக்குப் பிறகு நான் அம்மான்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேணும்.

அக்கா, கேட்டுட்டு உடனை எடுங்கோ. விடியமுதல் எண்டாலும் பரவாயில்லை.