எல் போர்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

முப்பது வருஷம் கார் ஓட்டியவர் எல் போர்டு கட்டப் போகிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அதனால்தான் டிரைவர் வீட்டில் மூச்சு விடவில்லை. "லைசென்ஸைப் புதுப்பிச்சுட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் மொட்டையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். இனி காரைத் தானே ஓட்டிக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். டிரைவருக்கு வேலை வேண்டுமென்றால் ஊழியர்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் இருக்கிறது. அதற்கு லைசென்ஸில் கனரக வாகனமும் ஏற வேண்டும். மாசக் கடைசிக்குள் பழகுநர் லைசென்ஸாவது கொண்டு வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது. லாரி, பஸ், டிரெய்லர் எல்லாமே தன் லைசென்ஸில் உண்டு என்று வீட்டில் வருஷக்கணக்காக அளந்து வைத்திருந்தார். போதாக்குறைக்கு மருமகள் நிஜமாகவே டவுன் பஸ் ஓட்டுகிறவள். மகன் அவளைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று இவர் குதித்த குதி இருக்கிறதே! "பஸ் ஓட்டுற பொண்ணா? டேய், அவ ஸ்டீயரிங் பிடிக்கிற பஸ்ஸுல நான் ஏறினா என் பேரை மாத்தி வச்சுக்கறேன்!"

கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. இன்னும் ஏறவில்லை. "மாமா, நீங்க ஹெவி எடுத்து எத்தனை வருஷம்?" என்று அவள் எப்போதாவது கேட்டால், குழம்பில் உப்பு குறைவு என்பார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில், கூடுதல் வாகன வகை கவுன்ட்டரில் முன்னும் பின்னும் மீசை முளைக்காத பிள்ளைகள். இவர் முறை வந்தது.

"எந்த வகை சேர்க்கணும், பெரியவரே?" என்றார் குமாஸ்தா.

"பஸ்" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க, ஃபேன் இரையுது."

"பஸ்ஸு!"

"இதுவரைக்கும் கார் மட்டும்தானா? இந்த வயசுல ஆசையப் பாருங்க!" பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சரி, சுவத்துல இருக்கற எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படிங்க."

டிரைவர் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி இல்லை. திருட்டுத்தனமாகக் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார்..."

"கண்ணாடி வந்தாத்தான் வேலை ஆகும்."

வீட்டுக்குப் போன் போட்டார். "கத்தாதீங்க, டிவி மேலேயே இருக்கு. குடுத்து அனுப்பறேன்" என்று மனைவி பட்டென்று வைத்துவிட்டாள். மகன் வருவான் என்று இவர் கதவைப் பார்த்தபடி பெஞ்சில் காத்திருந்தார். கூட்டம் குறைந்ததும் குமாஸ்தாவே கூப்பிட்டார்.

"கண்ணாடி வர்றப்ப வரட்டும், மத்ததை முடிச்சுடுவோம். பழகும்போது பக்கத்துல ஹெவி லைசென்ஸ் உள்ளவங்க உட்காரணும். வீட்டுல யாராவது இருக்காங்களா?"

மருமகள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மருமகளிடமா பழகப் போகிறீர்கள் என்று இந்த ஆள் ஊருக்கே கேட்கும்படி கேட்பான். பிள்ளைகள் மறுபடி சிரிப்பார்கள். வார்த்தையை விழுங்கினார்.

"அப்படி யாரும் இல்ல சார். என் வீட்டுல யாருக்கும் பஸ்ஸு கிஸ்ஸு ஓட்டத் தெரியாது."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கண்ணாடிக் கூட்டைக் கவுன்ட்டரில் வைத்தது. சீருடைச் சட்டையின் கை. டிரைவருக்குக் காது மடல் சுட்டது. திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை.

"அட, டிரைவரம்மா!" என்று குமாஸ்தா முகம் மலர்ந்தார். "இவர் உங்க சொந்தமா?"

மருமகள் மாமனாரை ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் இவரும் பதிலுக்கு எகிறியிருப்பார்.

"தெரிஞ்சவர்" என்றாள். "கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டாராம். ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வரேன் சார்."

போய்விட்டாள். டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை தப்பில்லாமல் படித்தார். "கண்ணு பிரமாதம்!" என்று குமாஸ்தா முத்திரை குத்திப் பழகுநர் லைசென்ஸை நீட்டினார். வேலை பிழைத்தது. வாசல் வரை போனவருக்குப் படி இறங்கக் கால் வரவில்லை. திரும்பி வந்தார்.

"சார், ஒண்ணு பொய் சொல்லிட்டேன். வீட்டுல ஆள் இருக்கு. இப்ப வந்துட்டுப் போனாளே, அவ என் மருமக."

"அந்தம்மா தெரிஞ்சவர்னு சொன்னாங்களே?"

"நான் இல்லைன்னேன். என்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னு அவளும் அப்படிச் சொல்லிட்டா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. குமாஸ்தா அவர் முகத்தைப் பார்க்காமல், "அடுத்தது யாரு?" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் ஏறினார்.

"எது வரைக்கும் மாமா?" டிக்கெட் கொடுப்பதும் அவள்தான்.

"கடைசி ஸ்டாப்."

முதல் சீட்டில் உட்கார்ந்தார். சந்தைத் தெருவில் ஒருபக்கம் தள்ளுவண்டி, மறுபக்கம் கதவைத் திறந்து போட்ட வேன். இவராக இருந்தால் நிறுத்தி, ஹாரனை அமுக்கி, நாலு வசவும் விட்டிருப்பார். அவள் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கடந்து போனாள்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"எறங்குங்க மாமா, வண்டியைத் திருப்பணும்."

"ஞாயித்துக்கிழமை கம்பெனி பஸ்ஸைக் குடுக்கறாங்கம்மா, பழகறதுக்கு. பக்கத்துல..."

அவள் தலைக்கு மேலிருந்த பஸ் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "பக்கத்துல வீட்டு ஆளுங்கதான் உட்காரணுமா மாமா, இல்ல தெரிஞ்சவங்களும் உட்காரலாமா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். சுருட்டிச் சுருட்டியதில் டிக்கெட் திரியாகிவிட்டது.

"வரேன்" என்றாள் மருமகள். "ஆனா எல் போர்டை நீங்கதான் கட்டணும். உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் பாக்கற மாதிரி, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"சரிம்மா" என்றார்.